சின்னப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு விளையாட்டு ஒழுங்கு

காலையில் பள்ளிக்கூடம், மாலையில் மக்தப், அதன் பிறகு டியூஷன், மீதி நேரத்தில் செல்போன். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் பலரின் நாள் இப்படித்தான் கழிகிறது. "எப்பப் பார்த்தாலும் விளையாட்டு" என்று நாம் அவர்களைக் கடிந்து கொள்கிறோம். உண்மையில் அவர்களுக்கு விளையாடத்தான் நேரமில்லை.

விளையாட்டு வீணல்ல

அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி அபூ உமைர் ஒரு குருவியை வைத்து விளையாடுவார். அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அவரிடமே அன்போடு விசாரித்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் தோழியரோடு பொம்மைகள் வைத்து விளையாடியதையும் தடுக்கவில்லை. இரண்டும் புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளன. பாடம் முடிந்த பிள்ளையை விளையாட விடாமல் எந்நேரமும் படிப்பைச் சுமத்தினால் அதன் உள்ளமும் அறிவும் மங்கிவிடும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் எச்சரித்துள்ளார்கள்.

கல்வித்துறையும் இதையே சொல்கிறது. 1837-ல் ஜெர்மனியில் ஃப்ரோபெல் தொடங்கிய சிறுவர் பள்ளியே பின்னர் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் பெற்றது. அதன் அடிப்படை விளையாட்டுதான். நம் நாட்டின் 2020 கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழிக் கற்றலையே முன்வைக்கிறது.

ஏன் வாரக் கணக்கு?

தினமும் மணி பார்த்து அட்டவணை போட்டால் நான்கு நாளில் கைவிட்டு விடுவோம். சின்னப் பிள்ளைக்குக் கடிகாரம் புரியாது; ஆனால் "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, திடலுக்குப் போற நாள்" என்பது நன்றாகப் புரியும். அந்த எதிர்பார்ப்பே அதற்கு நிம்மதி. எனவே நேரத்தைத் தொழுகையோடு இணையுங்கள்: அஸருக்குப் பின், மஃரிபுக்குப் பின் என்று. ஏழு நாளையும் நிரப்ப வேண்டாம். நான்கு நாட்கள், நாளொன்றுக்கு அரை மணி நேரம் போதும்.

திங்கள் - கதை: சுலைமான் (அலை) அவர்களின் எறும்பும் ஹுத்ஹுத் பறவையும், யூனுஸ் (அலை) அவர்களை விழுங்கிய மீன், யானைப்படை என்று ஒன்றைச் சொல்லுங்கள். பிறகு பிள்ளை எறும்பாக, யானையாக நடித்துக் காட்டட்டும். நபிமார்களாக மட்டும் நடிக்க வைக்க வேண்டாம்.

புதன் - எண்ணிக்கை: பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாக 14 குழிகள். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டு வரும்போதே எண்ணவும், கூட்டவும், விட்டுக்கொடுக்கவும் பிள்ளை பழகும். பாட்டிமார் இதற்குச் சிறந்த ஆசிரியர்கள். பகடை உருட்டும் ஆட்டங்களை மார்க்க அறிஞர்கள் பலர் தடுத்திருப்பதால் அவற்றைத் தவிர்க்கலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள், வாயில் போட்டுவிடும்.

வெள்ளி - ஓட்டம்: பெரும்பாலான மக்தப்களுக்கு அன்று விடுமுறை. அந்த மாலையை டியூஷனுக்குக் கொடுத்து விடாதீர்கள். நொண்டி, கண்ணாமூச்சி, ஓட்டப்பந்தயம் என்று மஃரிப் வரை ஓடட்டும். நபி (ஸல்) அவர்களே ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள். நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஞாயிறு - வீட்டு வேலை: சப்பாத்தி மாவு உருட்டுவது, பயறு வகைகளைப் பிரிப்பது, வாப்பாவோடு காய்கறிக் கடைக்குப் போய் விலை கேட்பது. பெரியவருக்கு வேலை, பிள்ளைக்கு விளையாட்டு. ஆண் பிள்ளையையும் அடுப்படிக்கு அழையுங்கள்.

மற்ற மூன்று நாட்களில் என்ன விளையாடுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

செல்போன்

2 முதல் 4 வயது வரை திரை பார்ப்பது நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது. 3, 4 வயதினர் தினமும் குறைந்தது 3 மணி நேரம் உடலசைவோடு இருக்க வேண்டும் என்றும் சொன்னது. போனைப் பிடுங்கினால் அழுகைதான் மிஞ்சும். அந்த இடத்தில் வேறொன்றை வைத்தால்தான் பிள்ளை அதை விடும்.

வாப்பா வெளிநாட்டில் இருந்தால்

இங்கே இரவு 8 மணி என்றால் சவூதியில் மாலை 5.30, துபாயில் 6.30. வாப்பா வேலையில் இருப்பார். அவர் அறைக்கு வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். எனவே திங்கட்கிழமைக் கதையை அவர் முதல் நாளே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பி விடலாம். ஐந்து நிமிடம் போதும். அதைக் கேட்டுப் பிள்ளை வரைந்த படத்தை விடுமுறை நாள் வீடியோ அழைப்பில் காட்டட்டும். "நல்லாப் படிக்கிறியா?" என்ற ஒரே கேள்வியோடு முடியும் அழைப்பை விட இது தந்தையையும் பிள்ளையையும் நெருக்கமாக்கும்.

தவறினால்?

காய்ச்சல், விருந்தாளி, கல்யாணம் என்று சில வாரம் தவறும். பரவாயில்லை, அடுத்த வாரம் தொடருங்கள். தோற்றால் திட்டாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். உம்மா ஒருவரே எல்லாவற்றையும் சுமக்காமல் வீட்டில் ஆளுக்கு ஒரு நாளை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் தொடங்கிப் பாருங்கள், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளை அல்லாஹ் கண்குளிர்ச்சியாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.