பாலை நகரில் வாடகை வீடும் வாகனத் தரிப்பிடமும்

கல்முனையிலிருந்து தெற்கே கோமாரி, பொத்துவில் வரை நீளும் எமது கரையில் வீடு பெண்ணுக்குரியது. திருமணத்தின்போது வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டிற்குக் குடிவருவதும் இங்கு தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராருக்கும் பொதுவான வழக்கமாகும். அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு ஆய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே தமது 2008ஆம் ஆண்டு நூலில் இதனை விரிவாகக் காட்டியுள்ளார். இவ்வழக்கில் வளர்ந்த ஆண்மகன் வாடகைக்கு வீடு தேடுவது பெரும்பாலும் அயலூரிலேதான். 1977இன் பின் மத்தியகிழக்கிற்குத் தொழில் தேடிச் சென்றோர் பலருக்கு அவ்வயலூர் ஒரு பாலைநில நகரமாயிற்று. அவற்றுள் துபாயை இங்கு நோக்கலாம்.

1966இல் எண்ணெய் கண்டறியப்படும்வரை துபாயிலே பவளக்கல் வீடுகளும் ஈச்சோலைக் குடில்களுமே மிகுதி. 1968இல் ஏறத்தாழ 59,000ஆக இருந்த குடித்தொகை 1975இல் 183,000ஆயிற்று. கட்டடக்கலைஞர் ஜோன் ஹரிஸ் 1960இலும் 1971இலும் நகரத் திட்டங்களை வரைந்தார். தேராவிலும் கராமாவிலும் கீழே கடை, மேலே குடியிருப்பு என்ற வகையில் தொடர்மாடிகள் எழுந்தன. அவற்றுட் பலவற்றிற்குத் தனி வாகனத் தரிப்பிடம் இருக்கவில்லை. கட்டடங்களுக்கிடையே எஞ்சிய மணல்வெளிகளே அத்தேவையை நிறைவேற்றின. அம்மணல்வெளியில் புதிய தொடர்மாடி எழுந்தபோதோ தரிப்பிடம் மறைந்தது, கார்களோ பெருகின. 1995இல் வீதியோரத் தரிப்பிற்குக் கட்டணம் வந்தது. பிற்காலக் கோபுரங்களில் தரிப்பிடம் நிலத்தடியிலோ கீழ்மாடிகளிலோ அமைந்து, வீட்டோடு சேர்த்து ஒப்பந்தத்தில் எழுதப்படலாயிற்று. ஆகவே வீடு தேடுபவன் பழைய நகரின் குறைந்த வாடகைக்கும் புதிய நகரின் தரிப்பிடத்திற்கும் இடையே ஒன்றைத் தெரிய வேண்டியவனானான்.

வாடகை ஓராண்டிற்குரியது. அதனைப் பின்திகதியிட்ட காசோலைகளாக முன்கூட்டியே கொடுப்பது வழக்கம். காசோலைகளின் எண்ணிக்கை குறைந்தால் வாடகையும் சிறிது குறையும். பணமின்றித் திரும்பும் காசோலை நெடுங்காலம் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயிருந்து, 2022 ஜனவரியிலேதான் பெரும்பாலும் குற்றவியலிலிருந்து நீக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் குத்தகையாளருக்குப் பாதுகாப்பளித்தது. 2013ஆம் ஆண்டுக் கட்டளையோ வாடகை உயர்வுக்கு உச்சவரம்பாக 20 சதவீதத்தை விதித்தது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆயின் யாருக்கு?

முழு வீட்டை எடுக்க இயலாதவன் ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்தான். உரிமையாளரின் எழுத்துமூல இணக்கமின்றி மேல்வாடகைக்கு விடுதலை அதே 2007ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே இணக்கம் பெறாத வீட்டில் ஒப்பந்தக்காரன் ஒருவனைத் தவிர ஏனையோர் சட்டத்தின் கண்ணிற் படாதோராயினர். 2008இல் நகரசபை ‘ஒரு வில்லா, ஒரு குடும்பம்’ என்ற விதியை நடைமுறைப்படுத்தியபோது பலர் வெளியேற நேர்ந்தது. மனைவி மக்களை அழைத்து வரவும் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் வேண்டும். கட்டிலுக்கு அது கிடையாது. தொழிலாளர் விடுதிகளுக்கென அமீரக அமைச்சரவை 2009இல் வகுத்த நியமம் உறங்கும் அறையில் ஆளொன்றுக்குக் குறைந்தது 3 சதுர மீற்றர் என்றது. ஒரு காரை நிறுத்தச் சுமார் 12 சதுர மீற்றர் வேண்டும் என்பதையும் இவ்விடத்து நினைவிற் கொள்ளலாம்.

இருப்பினும் கட்டில் வாடகையை அவன் விரும்பியே ஏற்றான் எனலாம். வாடகையில் மிஞ்சியது ஊரில் கல்லும் சீமெந்தும் ஆயிற்று. அவ்வீடும் அவன் பெயரில் நிலைப்பதில்லை. தங்கைக்கோ மகளுக்கோ உறுதி எழுதப்படும். எமது கரையோர வீடுகள் பலவற்றின் மொட்டைமாடியில் துருவேறிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவை அடுத்த குமருக்கான மேல்மாடிக்கென விடப்பட்டவை.