விமானக் கல்வியும் நகரத்தார் கடமையும்

ஸ்ரீமான் சி. இராஜம் அவர்கள் 1949-ஆம் ஆண்டில் குரோம்பேட்டையில் ஸ்தாபித்த சென்னைத் தொழில்நுட்பக் கலாசாலை, ஆகாய விமான சாஸ்திரத்தையும் ஒரு பாடமாகக் கற்பித்தது. நமது தேவகோட்டையும் அடங்கியிருந்த பழைய இராமநாதபுரம் ஜில்லாவின் இராமேசுவரத்து மாணாக்கர் அப்துல் கலாம், 1950-களில் அங்குச் சேர இடங் கிடைத்தும், ஏறக்குறைய 1,000 ரூபாய்க்கு வழியின்றி நின்றார். அவர் தமக்கையார் தம் பொன் வளைகளையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் உதவினார். அம்மாணாக்கர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி, 1980 ஜூலை 18-இல் ரோகிணியை விண்ணிற் சேர்த்தது.

விமானமோட்டப் பயின்றவரான கோட்டையூர் அழகப்பச் செட்டியார் அவர்கள் 1947-இல் காரைக்குடியிற் கல்லூரி கண்டு நமக்கு வழி காட்டினார். அன்பர்களே, அடகின் பாரம் அறிந்த மரபினர் நாம். விமானக் கல்வி விழையும் ஏழை மாணாக்கர் வீட்டு நகை அடகுக்குப் போகுமுன், நமது தர்மப் பணம் அவ்வீட்டு வாயிலை அடைதல் வேண்டும்.