தந்தையின் பழியும் பிள்ளையின் வழியும்

மதுரையிலிருந்து மேலூர்ச் சாலையில் சென்று, ஒத்தக்கடையில் திரும்பி, திருமோகூர் வழியாகத் திருவாதவூருக்குப் போகிறவர் எவரும் யானைமலையைக் காணாமல் போக முடியாது. படுத்திருக்கும் யானையைப் போன்ற அந்த நெடும்பாறையின் அடிவாரத்தில் நரசிங்கம் என்னும் சிற்றூர் உள்ளது. மலையைக் குடைந்து அங்கே அமைக்கப்பட்ட நரசிங்கப் பெருமாள் கோயில் கி.பி. 770ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி அதனைத் தொடங்கினான்; பணி முற்றுப்பெறுமுன் அவன் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தை எழுப்பிப் பணியை நிறைவேற்றினான் என்று அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கிறது.

மாணிக்கவாசகரின் பிறப்பிடமாகிய திருவாதவூருக்குப் போகும் வழியில் இப்படி ஒரு கோயில் அமைந்திருப்பது நம் சிந்தனையைத் தூண்டுகிறது. நரசிங்கம் என்றவுடன் தூணும், பிளந்த மார்பும், வீழ்ந்த இரணியனும் நம் நினைவுக்கு வருகின்றன. அக்கதையின் நடுவே நிற்பவனோ ஒரு சிறுவன். கொடியவன் வீட்டில் பிறந்து, கொடியவன் சோற்றை உண்டு வளர்ந்து, கொடியவனாக மறுத்த பிரகலாதன். அச்சிறுவன் நம்முன் வைக்கும் வினா மிகப் பழமையானது. பெற்றோரின் தீமை பிள்ளையின் இரத்தத்தில் ஊறி வருமா?

நம் ஊர்ப் பேச்சு இதற்கு முன்னரே விடை சொல்லிவிட்டது. 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பது நம் வீடுகளில் நாள்தோறும் கேட்கும் மொழி. நம் காவியங்களும் புராணங்களுமோ வேறு விடை தருகின்றன. வால்மீகியின் நூலில் இரணியன் கதை விரித்துரைக்கப்படவில்லை. கம்பரோ யுத்த காண்டத்தில் அதற்கென ஒரு தனிப் படலத்தையே அமைத்து, வீடணன் வாயால் இராவணனுக்குச் சொல்ல வைக்கிறார். தீய அண்ணனை விட்டு விலகப்போகிற தம்பி, தீய தந்தையை விட்டு விலகிய மகனின் கதையைச் சொல்லுகிறான். பாகவதம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வரம் கேள் என்று இறைவன் சொல்ல, தன்னைக் கொல்ல முயன்ற தந்தைக்கு மன்னிப்பு வேண்டுகிறான் பிரகலாதன். அவன் விலகியது தந்தையின் தீமையை விட்டுத்தான். தந்தை என்னும் உறவை அவன் அறுக்கவில்லை.

பரதனின் கதை நம் வாழ்வுக்கு இன்னும் நெருக்கமானது. கைகேயி பெற்றுத்தந்த அரசை அவன் ஏற்கவில்லை. அண்ணனை அழைத்துவரக் காட்டுக்குப் புறப்படுகிறான். ஆனால் கங்கைக் கரையில் அவனது படையைக் கண்ட குகன், இராமனை அழிக்க வந்தவன் என்றே எண்ணிப் போருக்கு எழுகிறான். சித்திரகூடத்தில் இலக்குவனும் அவ்வாறே கொதிக்கிறான். இருவரும் நல்லவர்கள், இருவரும் இராமன்மேல் கொண்ட அன்பினாலேயே தவறினார்கள். அவள் பெற்ற மகன் வேறு எப்படி இருப்பான் என்பதே அவர்கள் உள்ளத்தில் ஓடிய கணக்கு. மரவுரி உடுத்து மெலிந்து நின்ற பரதனை அருகில் கண்ட பின்னரே குகனின் எண்ணம் மாறுகிறது. தாயின் குற்றம் மகனிடம் வந்து சேரவில்லை. அந்தக் குற்றத்தின் நிழலை அவன்மேல் படரவிட்டது பிறருடைய ஐயமே.

நம் கத்தோலிக்க இலக்கியமும் இவ்வழியில் பின்தங்கியதன்று. வீரமாமுனிவர் (1680–1747) தேம்பாவணியைப் பாடியதோடு நில்லாமல், எளிய மக்களும் பாடத்தக்க கித்தேரியம்மாள் அம்மானையையும் இயற்றினார். கிறிஸ்துவை ஏற்ற மகள். அதன் பொருட்டு அவளது உயிரையே பறித்த அரசனாகிய தந்தை. வரலாற்றைக் காட்டிலும் புனித மரபே இக்கதையில் மிகுதி. ஆயினும் ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் வழங்கிய ஒரு மகளின் கதை தமிழகத்துக் கிறிஸ்தவர்களின் நாவில் ஏறியது. பிரகலாதனை அறிந்திருந்த நிலத்துக்குக் கித்தேரியம்மாள் அயலாளாகத் தோன்றியிருக்க மாட்டாள்.

இங்கே ஒரு மறுப்பையும் நாம் நேர்மையோடு கேட்டாக வேண்டும். 1934இல் மேடையேறிய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்னும் நாடகத்தில் பாரதிதாசன் இக்கதையைத் தலைகீழாக்கினார். அவருடைய இரணியன் தமிழ் வீரன், சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவன். அந்நாடகத்தின் சமயப் பார்வையை நாம் ஏற்காமல் போகலாம். ஆனால் அது எழுப்பும் ஒரு கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஒருவனைக் கொடியவன் என்று முத்திரை குத்தியவர் யார்? மதுரை மண்ணில் இக்கேள்வி நாடக மேடையோடு முடிந்துவிடவில்லை. சட்டப் புத்தகத்திலிருந்தே அது எழுந்தது.

ஆங்கில அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை முதலில் வட இந்தியாவில் இயற்றியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914இல் மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் தொடங்கி, பிறமலைக் கள்ளர் மக்கள்மேல் அது சுமத்தப்பட்டது. தனி மனிதன் செய்த குற்றத்தை அச்சட்டம் பார்க்கவில்லை. பிறந்த சாதியைப் பார்த்தது. கைரேகை பதியச் சொன்னது; இரவில் காவலர் கண்காணிப்பில் இருக்கச் சொன்னது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கவும் இடம் கொடுத்தது. குகனின் ஒரு நாள் ஐயம் இங்கே ஒரு சமுதாயத்தின் அன்றாட விதியாயிற்று. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்த மக்கள்மேல் காவல்துறை சுட்டது. மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர்.

இக்கதையில் கொடிய பெற்றோர் என்று எவரும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். உழுது பிழைத்தவர்களையும் காவல் காத்தவர்களையும் சேர்த்தே கொடியவர் என்று எழுதிவைத்து, அவர்கள் பெற்ற குழந்தையின் நெற்றியிலும் அவ்வெழுத்தையே பொறித்தது அரசு. அதை எதிர்த்தவர்களுள் மதுரையில் வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் ஜோசப் (1887–1938) ஒருவர். கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவர், அம்மக்களுக்காக வழக்காடினார், எழுதினார். 'ரோசாப்பூ துரை' என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தனர். முத்துராமலிங்கத் தேவர் முதலியோரின் போராட்டங்களுக்குப் பின், 1947இல் சென்னை மாகாணத்திலும் 1952இல் நாடு முழுவதிலும் அச்சட்டம் நீங்கியது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்து ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் உயர்ந்த தலைமுறைகள், அச்சட்டத்தின் அடிப்படையே பொய் என்பதற்கு வாழும் சான்றாயின.

சட்டம் போய்விட்டது, அதன் எண்ணம் போய்விட்டதா? சிறைக்குச் சென்றவனின் மகளுக்கு வரன் பார்க்கும்போது நாம் என்ன பேசுகிறோம்? குடிகாரனின் மகன் பீடச்சிறுவர் குழுவில் சேர வந்தால் நம் பங்கில் எத்தனை பேர் முகம் சுளிக்கிறோம்? அப்பிள்ளை நன்றாகப் படித்து முன்னேறினால் 'சேற்றில் முளைத்த செந்தாமரை' என்கிறோம். புகழ்வதாக எண்ணிக்கொண்டு, அவன் பிறந்த வீட்டைச் சேறு என்று சொல்லிவிடுகிறோம்.

மறைநூலிலேயே இதற்கு ஆதாரம் உண்டு என்று சிலர் வாதிடுவர். தந்தையரின் பாவம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை தொடரும் என்னும் கருத்து விடுதலைப் பயண நூலில் உள்ளதே என்பர். உண்மைதான். ஆனால் இறைவாக்கு அங்கேயே நின்றுவிடவில்லை. பெற்றோர் தின்ற புளித்த திராட்சையால் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்னும் பொருளில் இஸ்ரயேலரிடையே ஒரு பழமொழி வழங்கியது. நம்முடைய நூலும் சேலையும் போன்றதே அது. பாபிலோனிய அடிமைத்தனத்தில் இருந்த மக்களுக்கு எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தில் இறைவன் அப்பழமொழியை இனிச் சொல்லாதீர்கள் என்று விலக்கினார். பாவம் செய்தவரே அதற்குப் பொறுப்பு என்றார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இது இவர் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு இரண்டையும் மறுத்ததை யோவான் 9ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

பிறப்புநிலைப் பாவம் பற்றிய திருச்சபையின் போதனையும் இதற்கு முரணானதன்று. அது மனித குலம் முழுவதற்கும் பொதுவான காயம். ஒரு குடும்பத்தின்மேல் மட்டும் விழுந்த கறையன்று. அது எவருடைய தனிப்பட்ட குற்றமும் ஆகாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி தெளிவாகக் கூறுகிறது. இன்று சில செபக் கூட்டங்களில் 'மூதாதையர் சாபம்' முறிப்பதாகச் சொல்லி நம் மக்களை அச்சுறுத்துவதைக் காண்கிறோம். தலைமுறைப் பாவம் என்னும் இக்கருத்து கத்தோலிக்க நம்பிக்கைக்கு ஒவ்வாதது என்று போலந்து ஆயர்கள் 2015இலும், ஸ்பெயின் ஆயர்களின் கோட்பாட்டுக் குழு 2024இலும் எச்சரித்துள்ளனர். திருமுழுக்கில் கழுவப்பட்ட பிள்ளைக்குத் தாத்தாவின் கடனை மறுபடியும் எழுதிவைக்க எவருக்கும் உரிமை இல்லை.

வீட்டின் செல்வாக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. அடியும் வசையும் கண்டு வளர்ந்த பிள்ளை அவற்றின் வடுவைச் சுமக்கிறது. அதனாலேயே அதற்கு ஐயத்தைவிட ஆதரவு மிகுதியாகத் தேவைப்படுகிறது. வடு வேறு, விதி வேறு.

ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்பு விழாவின் திருவிழிப்புத் திருப்பலியில் மத்தேயு தரும் மூதாதையர் பட்டியல் வாசிக்கப்படுகிறது. பெயர்கள் அடுக்கடுக்காக வருவதால் நாம் கவனம் சிதறிவிடுகிறோம். இவ்வாண்டு ஐந்து தலைமுறைகளையேனும் கூர்ந்து கேட்போம். தன் மகனையே தீயில் பலியிட்ட ஆகாசு, எசேக்கியாவைப் பெற்றான். எசேக்கியா ஆண்டவருக்கு உகந்த அரசன். அந்த நல்லவனுக்கு மனாசே பிறந்தான். 55 ஆண்டுகள் எருசலேமைக் குருதியால் நிரப்பினான். மனாசேக்கு ஆமோன், அவனும் தீயவன். ஆமோனுக்கு யோசியா, 8 வயதில் அரியணை ஏறி, பின்னர் நாட்டையே இறைவனிடம் திருப்பியவன். தீயவனுக்கு நல்லவன், நல்லவனுக்குத் தீயவன், மறுபடியும் தீயவனுக்கு நல்லவன். தீமை மரபுரிமையாக வருவதில்லை, நன்மையும் அப்படித்தான். பரம்பரைக் கத்தோலிக்கர் என்று பெருமை பேசும் குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு.

மீட்பர் இந்தப் பட்டியலை மறைக்காமல், இந்த வம்சத்திலேயே பிறந்தார். அடுத்த ஞாயிறன்று, ஊர் ஒதுக்கிய ஒருவரின் பிள்ளை கோயிலில் நம் பக்கத்தில் வந்து அமர்ந்தால், அப்பன் பெயரைக் கேட்பதற்குமுன் பிள்ளையின் பெயரைக் கேட்போம்.