படத்தொகுப்பும் கம்போசிட்டிங்கும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் தொடங்குவோருக்கு

படத்தொகுப்பு என்பது எடுத்த வீடியோக் காட்சிகளில் வேண்டியவற்றைத் தெரிந்து, வெட்டி, வரிசைப்படுத்தி, ஒலியும் எழுத்தும் சேர்த்து முழுப் படமாக்கும் வேலை. கம்போசிட்டிங் என்பது வெவ்வேறாக எடுத்த படங்களை ஒரே சட்டகத்துக்குள் அடுக்கி, ஒரே காட்சியாகத் தோன்றச் செய்யும் வேலை. இரண்டையும் இன்று சாதாரண மடிக்கணினியிலேயே செய்யலாம்; தரமான மென்பொருள்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. கூத்தும் கோயிற் சடங்கும் வாவி வாழ்வும் நிறைந்த மட்டக்களப்பில் இந்தத் திறமைக்கு வேலை ஏராளம்.

பின்புலம்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகள் இன்றும் ஆடப்படுகின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இயங்குகிறது. தமிழ்த் திரையுலகின் முதன்மையான ஒளிப்பதிவாளர்களுள் ஒருவரான பாலு மகேந்திரா (1939–2014) மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்ற அவர், 'வீடு', 'சந்தியா ராகம்', 'தலைமுறைகள்' ஆகிய படங்களை இயக்கி, ஒளிப்பதிவு செய்ததோடு தாமே தொகுத்தும் முடித்தார். எடுத்தவரே தொகுக்கும்போது, எந்தக் காட்சி தேவையற்றது என்பதை அடுத்த படப்பிடிப்புக்கு முன்னரே கற்றுக்கொள்கிறார். தொடக்கநிலையாளர் பின்பற்றத்தக்க வழி இது.

மென்பொருள்களின் வளர்ச்சி

படச்சுருளை வெட்டி ஒட்டிய காலத்தில் ஒவ்வொரு வெட்டும் சுருளின் மேலேயே விழுந்தது. 1989இல் வந்த அவிட் கணினித் தொகுப்பைத் தொழிலாக நிலைநிறுத்தியது. மூலக் கோப்பைத் தொடாமல், எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்ற குறிப்பை மட்டும் கணினி வைத்திருக்கும் முறை அது. அடோபி பிரீமியர் 1991இலும், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1993இலும், ஃபைனல் கட் புரோ 1999இலும் வெளிவந்தன.

கம்போசிட்டிங்கின் கணக்கை 1984இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த தோமஸ் போர்ட்டரும் டொம் டஃபும் வகுத்தனர். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தோடு 'அல்பா' என்ற ஒளிபுகாமை அளவும் உண்டு. அல்பா 0.3 என்றால் மேல் அடுக்கிலிருந்து 30 வீதமும் கீழ் அடுக்கிலிருந்து 70 வீதமும் சேரும். இன்றுள்ள எல்லாக் கம்போசிட்டிங் மென்பொருள்களும் இந்தக் கணக்கின் மேலேயே நிற்கின்றன.

எதைத் தெரிவது

பழைய, வலுக்குறைந்த கணினிக்கு ஷொட்கட் அல்லது கேடன்லைவ் பொருந்தும். இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள்; காசு கட்ட வேண்டியதில்லை. டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பில் தொகுப்பு, நிறச்சீர்மை, ஒலி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். 2018இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து ஃபியூஷன் என்ற கம்போசிட்டிங் பகுதியும் அதனுள்ளே உண்டு. ஆனால் ரிசோல்வுக்கு 16 ஜிபி நினைவகம் வேண்டும்; ஃபியூஷனுக்கு 32 ஜிபி நல்லது. 2002இல் கட்டற்ற மென்பொருளாகிய பிளென்டரிலும் தொகுப்பும் கம்போசிட்டிங்கும் உண்டு.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் படங்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஃபியூஷன், நியூக், நேட்ரன் ஆகியவற்றில் ஒவ்வொரு செயலும் ஒரு பெட்டி. பெட்டிகளைக் கோடுகளால் இணைக்க வேண்டும். அடுக்கு முறை விரைவில் பிடிபடும். இருபது முப்பது படிகள் சேரும் சிக்கலான காட்சியில் பெட்டி முறையே தெளிவு. கைத்தொலைபேசியிலேயே தொகுக்கும் கைன்மாஸ்டர், கெப்கட் போன்ற செயலிகள் வெட்டவும் ஒட்டவும் பழக உதவும்.

தொடங்கும் முன்

முதல் அமைப்பு, ஒரு வினாடிக்கு எத்தனை சட்டகம் என்பது. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆகவே 25 சட்டகமும் 1/50 வினாடி ஷட்டரும் வைத்தால், குழல்விளக்கு வெளிச்சத்தில் படம் துடிக்காது. பல கைத்தொலைபேசிகள் 30 சட்டகத்தில் தொடங்குவதோடு, அந்த எண்ணிக்கையை இடையிடையே மாற்றவும் செய்யும். நீண்ட காட்சியில் ஒலி உதட்டசைவை விட்டு விலகுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். தொகுக்கும் முன் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் மாறாத சட்டக வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இடம். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் கமரா ஒரு மணிநேரத்துக்கு 45 ஜிபி எடுக்கும். எட்டு மணிநேரக் கூத்தை இரண்டு கமராவில் பதிந்தால் 720 ஜிபி. இவ்வளவு கனமான கோப்புகளைச் சிறிய கணினியில் ஓட்ட 'புரொக்சி' என்ற எடைகுறைந்த பிரதிகளை மென்பொருளே செய்து தரும். அவற்றில் வெட்டிவிட்டு, முடிந்த படத்தை ஒரே கோப்பாக்கும் இறுதி ரெண்டருக்கு மூலக் கோப்புகளைப் பயன்படுத்தலாம். மின்சாரம் திடீரென நிற்கக்கூடும். ஆகவே தானாகச் சேமிக்கும் வசதியை முதல் நாளே இயக்கிவிட வேண்டும்.

கூத்தைத் தொகுத்தல்

கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. பார்வையாளர் நாற்புறமும் இருப்பார்கள். ஒரே கமரா எங்கே நின்றாலும் கூத்தர் பாதி நேரம் முதுகு காட்டுவார். இரண்டு கமராவும் தனி ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தால் நல்லது. மூன்றையும் ஒத்திசைக்க மத்தளமே போதும்: முதல் அடி ஒலியலையில் கூர்மையான முனையாகத் தெரியும். அந்த முனைகளை டைம்லைனில் ஒரே கோட்டில் வைத்துவிட்டு, இரவின் கடைசி அடியிலும் பொருந்துகிறதா எனச் சரிபார்க்க வேண்டும். வெவ்வேறு கருவிகளின் கடிகாரங்கள் மணிக்கணக்கில் மெல்ல விலகும்.

அடுத்தது எங்கே வெட்டுவது என்பது. பாத்திரம் களரிக்குள் வரும் வரவு ஆட்டத்தின் நடுவில், தாளக்கட்டு முடியுமுன் வெட்டினால் ஆட்டம் முறிந்துபோகும். தாளம் தீர்ந்து கால் நிலைபெறும் இடத்தில் வெட்ட வேண்டும். காலும் சதங்கையும் தெரியும் முழு உருவக் காட்சி அடிப்படை. முகத்தை நெருங்கிக் காட்டுவது பாட்டின் போதும் வசனத்தின் போதும். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரையும் பக்கப்பாட்டுக்காரரையும் காட்டாத தொகுப்பு, கூத்தின் பாதியை விட்டுவிடுகிறது.

கம்போசிட்டிங்: ஒரு பயிற்சி

கல்லடிப் பாலமும் முழுநிலவும் நல்ல முதற்பயிற்சி. நிலவு சூரிய வெளிச்சத்தில் நிற்கும் பொருள். அதை எடுக்கக் கமராவில் பகல்வெளிச்சத்துக்குரிய அளவே வேண்டும். பாலத்துக்கும் நீருக்கும் கமரா அதைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை வாங்க வேண்டும். ஒரே காட்சியில் இரண்டும் சரிவராது. ஒன்று நிலவு வெள்ளைப் பொட்டாகும், அல்லது பாலம் இருளில் மறையும். கமராவை முக்காலியில் அசையாது நிறுத்தி, நிலவுக்கு ஒன்றும் பாலத்துக்கு ஒன்றுமாக அடுத்தடுத்து எடுக்க வேண்டும். நிலவு தன் விட்டத்தின் தூரத்தை ஏறக்குறைய இரண்டு நிமிடங்களில் கடந்துவிடும். ஆகவே தாமதிக்கக் கூடாது. பிறகு மேலடுக்கில் நிலவைச் சுற்றி மாஸ்க் வரைந்து, அதன் விளிம்பை மென்மையாக்கினால் இரண்டும் சேரும்.

பின்னணியை மாற்றுவதற்காகப் பச்சைத்திரையின் முன் வடமோடி உடுப்பைப் படமெடுப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிரீடத்திலும் உடையிலும் பதித்த கண்ணாடித் துண்டுகளில் பச்சை பிரதிபலிக்கும். பச்சையை நீக்கும் மென்பொருள் அந்த இடங்களையும் ஓட்டையாக்கிவிடும். கூத்தரைத் திரையிலிருந்து தள்ளி நிறுத்தி, திரைக்கும் அவருக்கும் தனித்தனி விளக்கு வைத்தால் இது பெரிதும் குறையும்.

தமிழ் எழுத்து

இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துரு, தமிழ் வடிவங்களை ஆங்கில விசைகளின் இடத்தில் வைத்தது. அதில் எழுதிய தலைப்பு படத்தில் சரியாகத் தெரியும். அதே எழுத்தை வசனக்கோப்பில் (சப்டைட்டில்) ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரும். யூனிகோட்டில் எழுதுவதே நிலைக்கும். சில மென்பொருள்கள் 'கொ', 'கே' போன்றவற்றின் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். அடோபி மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துக்குரிய அமைப்பைத் தெரிவுசெய்தால் சரியாகும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துரு.

பழைய நாடாக்களும் பாதுகாப்பும்

வீடுகளில் இருக்கும் பழைய விஎச்எஸ் நாடாக்கள் உப்புக்காற்றிலும் ஈரத்திலும் பூஞ்சணம் பிடித்து அழிகின்றன. அவற்றை 25 சட்டகமுள்ள 'பால்' (PAL) வீடியோ முறையிலேயே கணினிக்கு மாற்றி, மூலப் பிரதியை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியில் மட்டும் கோடுகளை நீக்கும் டீஇன்டர்லேஸ் செயலைச் செய்ய வேண்டும். எந்த வேலைக்கும் மூன்று பிரதிகள் தேவை. மாரிமழை வெள்ளத்தை நினைத்து ஒன்றை வேறு ஊரில் வைப்பது அறிவு.

தொடங்குவோர் மூன்று நிமிடப் படம் ஒன்றை முடித்துப் பார்ப்பது நல்லது: ஒரு தோணி, ஒரு மீனவர், ஒரு காலைப் பொழுது. வெட்டு, ஒலி, எழுத்து, நிறம் என்ற வரிசையில் பழகி, கடைசியாகக் கம்போசிட்டிங்குக்கு வரலாம். கூத்தைப் பதிவோர் இருபது நிமிடச் சுருக்கத்தோடு நின்றுவிடாமல், வெட்டாத முழு இரவையும் அண்ணாவியார், கூத்தர், ஊர், திகதி ஆகியவற்றை எழுதிய குறிப்போடு சேர்த்து வைக்க வேண்டும். சுருக்கத்தை எத்தனை முறையும் புதிதாகச் செய்யலாம். முழுப் பதிவு இருந்தால்தான் நாளை ஆடப் பழகும் பிள்ளை அடியையும் தாளத்தையும் அதிலிருந்து கற்றுக்கொள்ள முடியும்.