கூட்டு சைக்கிள் சவாரி நெறிமுறை (கொங்கு வட்டாரம்)

பொதுச்சாலையில் பலர் நெருக்கமாகச் சைக்கிள் ஓட்டும்போது கடைப்பிடிக்கும், பெரும்பாலும் எழுதப்படாத வழக்கங்களின் தொகுப்பு இது. கோவையில் ‘குரூப் ரைடு’ என்றால்தான் புரியும். சிறுவாணி சாலை, ஆனைகட்டி, பொள்ளாச்சி, வால்பாறை என்று நகரைச் சுற்றிலும் இதற்கேற்ற தடங்கள் உண்டு. வழக்கங்களில் பல ஐரோப்பியப் பந்தயங்களில் பிறந்தவை. அங்கே பந்தயத்துக்காகச் சாலையையே அடைத்துவிடுவார்கள். இங்கே தேங்காய் லாரி, டவுன் பஸ், குறுக்கே நடக்கும் மயில் எல்லாம் கூடவே வரும். அதனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நெருங்கி ஓட்டுவதற்குக் காரணம் காற்று. முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துக்கொடுப்பதால், அவர் பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்குச் சமதளத்தில் ஏறத்தாழ கால்பங்கு உழைப்பு மிச்சமாகும். ஆனால் அவருக்கு எதிரே தெரிவது ஒரு முதுகு மட்டுமே. எனவே, முன்னிருப்பவர் தாம் கண்டதைப் பின்னுக்குக் கடத்துவதே முதல் கடமை. குழியை விரலால் சுட்டுவார்கள். ஓரத்தில் வண்டி நின்றால் இடக்கையை முதுகுக்குப் பின்னே வலப்பக்கமாக வீசுவார்கள். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தால் வேகம் குறையப்போகிறது. பிரேக்கிலிருந்து கையெடுக்க முடியாதபோது குரல்தான்: “குழி!”, “மணல்!”, “நாய்!”, வரிசையின் கடைசியிலிருந்து “லாரி!”. பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடும் கோவைக்காரர்களும் இங்கே அதை விட்டுவிடுகிறார்கள். நடுவில் ஒருவர் வாய் திறக்காவிட்டால் செய்தி அங்கேயே அறுந்துபோகும். அதற்காக ஒவ்வொரு சரளைக்கல்லுக்கும் கத்தினால் நிஜமான குழி வரும்போது யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நம் முன்சக்கரம் நுழையக் கூடாது. அவர் ஒரு சாண் விலகிச் சக்கரங்கள் உரசினால், விழுவது பெரும்பாலும் பின்னவர்தான். ஏற்றத்தில் ஒருவர் பெடல்மீது எழுந்து நிற்கும் கணத்தில் அவர் சைக்கிள் சற்றே பின்வாங்கும். அனுபவசாலிகள் எழும்போதே மிதியை அழுத்தி அதை ஈடுகட்டுவார்கள்.

இவ்வட்டாரத்துக்கே உரிய சிக்கல் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேற்குக் காற்று அதன் வழியே பீறிட்டு வரும். பல்லடம், உடுமலைப் பக்கக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. பாலக்காடு நோக்கிப் போனால் எதிர்காற்று. முன்னே இழுப்பவர் சீக்கிரம் களைப்பதால் முறை மாற்றிக்கொள்வார்கள். தெற்கே பொள்ளாச்சிக்குப் போகும்போது காற்று வலப்பக்கம் அடிக்கும். அதன் மறைவு ஒவ்வொருவருக்கும் இடப்பின்புறம், அதாவது சாலையோரமாக அமையும். சரிந்த வரிசையில் சுகமாகப் போகலாம். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். காற்று இடப்பக்கம், மறைவு வலப்பக்கம். அதைத் தேடிச் சரிந்தால் வரிசையின் வால் லாரியின் பாதைக்குள் நீளும். அப்போது மறைவை மறந்து, காற்றை வாங்கிக்கொண்டு ஓரமாக ஒற்றை வரிசையில் வருவதே முறை.

மலைச்சாலையில் ஒட்டி ஓட்டும் பழக்கம் முற்றிலும் செல்லாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது இடைவெளி விட்டு, வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, தன் பாதியைத் தாண்டாமல் திரும்ப வேண்டும். குறுகலான மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை. சைக்கிளுக்கும் இதில் சலுகையில்லை. ஆனைகட்டி, சிறுவாணிப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. அங்கே இருட்டுவதற்குள் எல்லோரும் வெளியே வந்துவிடும்படி புறப்படும் நேரத்தைக் குறிக்க வேண்டும், அதுவும் குழுவில் மிக மெதுவானவரின் வேகத்தை வைத்து.

குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ‘பிரவே’ பயணங்களில் விதிகள் எழுத்திலேயே உள்ளன. 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம், 600 கி.மீ.க்கு 40 மணி நேரம். முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. இரவில் பத்துப் பேர் சேர்ந்து போனாலும் ஒவ்வொருவரும் தத்தம் விளக்கை எரியவிட வேண்டும், ஒளிரும் மேலங்கி அணிய வேண்டும். கூட்டத்தில் பின்விளக்கைச் சிமிட்டவிடுவது பின்னால் வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். சீராக எரியவிடுவதே நாகரிகம். உதவிக் கார் சோதனை நிலையங்களில் மட்டுமே அனுமதிக்கப்படும். வழியில் டியூப் பஞ்சரானால் பம்ப் தருவதற்குச் சக சவாரிக்காரர்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பேக்கரியில் டீக்கு நிற்கும்போது சைக்கிள்களைக் கடை வாசலை அடைத்துச் சாய்க்காமல், தார்ச்சாலையிலும் விடாமல், தள்ளி ஓரமாக நிறுத்துவார்கள்.