போகாத பயணத்தின் விலை: தம்மாம் வட்டாரத்தில் இயந்திரங்களின் கம்பியில்லாத் தொடர்பு

ஓர் இயந்திரம் தன் அளவையும் நிலையையும் ஆள் தலையிடாமல் வானலை வழியே இன்னொரு இயந்திரத்துக்கு அறிவிப்பதும், சில இடங்களில் பதிலுக்குக் கட்டளை பெறுவதும் தொழில் வழக்கில் ‘எம்-டு-எம்’ எனப்படும். எண்ணெய்க் குழாய்களிலும் மின்தடங்களிலும் தனி ரேடியோ வழியான தொலையளவை நெடுங்காலமாக இருந்துவந்தது. ஆனால் அதற்குக் கோபுரமும் அலைவரிசை உரிமமும் சொந்தமாக வேண்டும். 1995இல் சீமன்ஸ் நிறுவனம் ஜிஎஸ்எம் வலையில் இயங்கும் எம்1 என்ற தரவுக் கருவியைக் கொண்டுவந்தபின், கோபுரம் செல்பேசி நிறுவனத்தின் பொறுப்பாயிற்று. அளப்பவருக்கு ஒரு சிம் போதும் என்ற நிலை வந்தது.

இத்தொடர்பின் வணிகப் பயனைப் பாடநூல்கள் கணக்கிடும் முறை எளியது: கருவியால் மிச்சமாகும் ஆள்கூலியைக் கருவியின் விலையோடு ஒப்பிட்டால் போதும். சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத் தலைநகரான தம்மாமில் இந்தக் கணக்கு இடறுகிறது. தென்னாசியத் தொழிலாளரின் கூலி குறைவாக உள்ள ஊரில், ஆள்கூலியை மட்டும் பார்த்தால் பல கருவிகள் முதலையே மீட்டுத் தரா. ஆயினும் தம்மாம், தஹ்ரான், அல்கோபர், ஜுபைல் வட்டாரம் முழுக்க இக்கருவிகள் பரவியுள்ளன. இங்கு மிச்சமாவது கூலியைவிடப் பயணமும், செய்தி வராத இடைவெளியுமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதை உப்புத்தரையில் நேரடியாகக் காணலாம். ‘சப்கா’ எனப்படும் கடலோர உப்புச் சேற்று நிலத்தில் புதைத்த இரும்புக் குழாயைத் துரு வேகமாகத் தின்னும். அதைத் தடுக்க, மின்திருத்தி ஒன்றின் மூலம் குழாய்க்குச் சிறு நேர்மின்னோட்டம் இடைவிடாது செலுத்தப்படுகிறது. காப்பு போதுமா என்று பார்க்க வழிநெடுகச் சோதனைக் கம்பங்கள் உண்டு. இந்தக் கேத்தோடுக் காப்பை அளக்க, அதாவது ‘சி.பி. ரீடிங்’ எடுக்கச் செல்பவர் பிக்கப் வண்டியை நிறுத்தி, மண்ணில் சிறிது தண்ணீர் ஊற்றி, செம்பு-செம்பு சல்பேட் அரைக்கலத்தை அதில் ஊன்றி, மல்டிமீட்டரின் ஒரு கம்பியைக் கம்பத்திலும் மறு கம்பியைக் கலத்திலும் தொடுவார். எண் மைனஸ் 0.85 வோல்ட்டோ அதைவிட எதிர்மமாகவோ இருந்தால் குழாய் பத்திரம். எழுதிக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போவார்.

இவ்வேலையில் கூலி பெரிய செலவன்று. வண்டி, எரிபொருள், நுழைவு அனுமதி, பாலைவழியில் போகும் நேரம் ஆகியவை அதைவிடப் பெரிய செலவு. அனைத்திலும் பெரியது, இரண்டு சுற்றுகளுக்கு இடையே மின்திருத்தி நின்றுபோனால் அடுத்த சுற்று வரும்வரை ஒருவருக்கும் தெரியாமல் குழாய் காப்பின்றிக் கிடப்பது. நாளுக்கு ஒருமுறை சில பைட்டுகளில் வோல்ட்டையும் ஆம்பியரையும் அனுப்பும் ஒரு சிறு கருவி அந்த இடைவெளியை ஒரு நாளாகச் சுருக்குகிறது. ஆட்குறைப்பு இதன் நோக்கமே அன்று.

சட்டமும் இதே திசையில் தள்ளுகிறது. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. உணரிக்கு அந்தத் தடை இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் மீதான தலைவரி 2018இல் மாதம் 400 ரியால் வரையும் 2020இல் 800 ரியால் வரையும் உயர்ந்தபோது கூலிக் கணக்கும் சற்றே மாறியது. எனினும் தொழிற்சாலை உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு அவ்வரியை 2019 அக்டோபர் முதல் அரசே ஏற்றதால், வரியை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தாது.

பெரிய அளவில் பார்க்க, சவூதி அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோவின் குரைஸ் எண்ணெய்வயல் உதவும். சுமார் 150 கிலோமீட்டர் நீளமும் 40 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பரப்பில் 500க்கும் மேற்பட்ட கிணறுகளை 40,000க்கும் அதிகமான உணரிகள் கண்காணிக்கின்றன. உலகப் பொருளாதார மன்றம் இவ்வயலை 2020இல், புதிய தொழில்நுட்பத்தில் முன்னோடியான ஆலைகளுக்கான தன் ‘கலங்கரை விளக்கம்’ பட்டியலில் சேர்த்தது. கூலி எவ்வளவு மலிவாக இருந்தாலும் இத்தனை அளவுகளை இடைவிடாமல் ஆள்வைத்து எடுக்க இயலாது.

எந்த அலை எங்கே பொருந்தும் என்பது அடுத்த கேள்வி. ஆலைக்குள் வயர்லெஸ்ஹார்ட் வகை வலை ஏற்றது: 2.4 கிகாஹெர்ட்ஸில், பத்து மில்லி வினாடி நேரத் துண்டுகளில், கருவிகள் ஒன்றின் செய்தியை ஒன்று கைமாற்றி அனுப்புகின்றன. 2010இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. நகரில் பரவலாகக் கிடக்கும் மீட்டர்களுக்கு, 2016இல் தரப்படுத்தப்பட்ட என்பி-ஐஓடி பொருந்தும். 180 கிலோஹெர்ட்ஸ் அகலமே கொண்ட அது ஜிஎஸ்எம்மைவிட 20 டெசிபெல் ஆழமாக எட்டும் வகையில் வகுக்கப்பட்டது. சொந்த வலை விரும்புவோர் லோரா என்ற வானலை முறையை நாடுகின்றனர். உரிமம் தேவையில்லாத அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. லோரா வலையில் கருவிகள் வரிசை பாராமல் நினைத்தபோது பேசுகின்றன. 1970களின் தொடக்கத்தில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் உருவான அலோகா முறை இதுவே. அதன் கோட்பாட்டு உச்சம், கிடைக்கும் நேரத்தில் 18 விழுக்காடு. அதற்குமேல் செய்திகள் ஒன்றோடொன்று மோதி அழியும்.

வளைகுடாவின் இயற்கையும் இந்தக் கணக்குகளில் தலையிடுகிறது. வெதுவெதுப்பான கடல்மேல் ஈரக்காற்றும், அதன்மேல் பாலையின் உலர்காற்றும் அடுக்காகப் படியும் கோடையில், வானலைகள் குழாய்க்குள் ஓடுவதுபோல் அடிவானத்தைத் தாண்டிச் செல்கின்றன. வழக்கமாக எட்டாத அக்கரைக் கோபுரம் அப்போது எட்டிவிடும். நட்பலையாக அல்ல, குறுக்கீடாக. அல்கோபரிலிருந்து பஹ்ரைனுக்குப் போகும் கடற்பாலம் 25 கிலோமீட்டர்தான். கரையோர நிறுத்தத்தில் நிற்கும் லாரியின் கருவி அயல்நாட்டு வலையைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் கட்டணம் ஏறும். அதைத் தடுக்க சிம்மைச் சொந்த வலையில் பூட்டிவிட்டாலோ, பாலத்தைக் கடந்ததும் வண்டி ஊமையாகிவிடும். வெப்பமும் தன் பங்கைக் கேட்கிறது: மின்கலத்துள் தானே நிகழும் வேதிவினை 10 பாகைக்கு ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர் வழக்கு. மிதமான தட்பவெப்பத்தில் பத்தாண்டு எனச் சொல்லி விற்ற மின்கலத்தை, வெயிலில் காயும் இரும்புப் பெட்டிக்குள் அதே நம்பிக்கையோடு மாட்டுவது சரியன்று.

தம்மாமின் கிங் அப்துல்அஸீஸ் துறைமுகத்தில் பயன் வேறு வகையானது. இறைச்சியும் மருந்தும் வரும் குளிர்பெட்டகங்களை இறக்கியவுடன் மின்செருகியில் மாட்ட வேண்டும். முன்பு ஒருவர் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு பெட்டகத்தின் திரையையும் பார்த்துத் தாளில் குறித்தார். இன்று கப்பல் நிறுவனங்கள் பெட்டகத்திலேயே சிம் பொருத்திய கருவி வைக்கின்றன. மெர்ஸ்க் இவ்வசதியைச் சரக்கு உரிமையாளருக்கே 2017இல் திறந்துவிட்டது. சரக்கு கெட்டது யார் கையில் இருந்தபோது என்ற வழக்கு, நேரமுத்திரை இட்ட வெப்பப் பதிவால் தீர்கிறது. சாட்சியாக நிற்கும் இந்த வேலை, எச்சரிக்கை தரும் வேலையைவிட வணிகருக்குச் சில நேரம் அதிகம் பெறும்.

சாலையில் கருவியைப் பொருத்தச் செய்தது சந்தையைவிட அரசின் கட்டாயமே. போக்குவரத்துப் பொது ஆணையத்தின் ‘வஸ்ல்’ தளத்தோடு சரக்கு வண்டிகளும் பேருந்துகளும் இணைய வேண்டும். கட்டாயத்துக்காக மாட்டிய கருவி பல சிறு நிறுவனங்களில் கட்டாயத்தோடு நின்றுவிடுகிறது: திடீர் பிரேக், வெறும் எஞ்சின் ஓட்டம், கதவு திறந்த நேரம் எல்லாம் பதிவாகும், பார்க்க ஆளிருக்காது. எச்சரிக்கை யார் கைப்பேசிக்குப் போக வேண்டும், அவர் பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்காத இடத்தில் உணரி வெறும் அலங்காரம். மின்சாரத்தில் கட்டாயமே முழுமையாயிற்று: சவூதி மின்நிறுவனம் 2021க்குள் ஒரு கோடி ஸ்மார்ட் மீட்டர்களை நாடெங்கும் பொருத்தி முடித்தது. வீடு வீடாக மீட்டர் படித்துப் போனவரின் சுற்று அதோடு ஓய்ந்தது. கருவியைப் பொருத்தவும், மின்கலம் மாற்றவும், ஆண்டெனாவின் உப்பைத் துடைக்கவும் வேறு சுற்றுகள் முளைத்துள்ளன.

கட்டளை அனுப்புவது இவற்றிலிருந்து வேறான, ஆபத்து மிகுந்த சங்கதி. 2012 ஆகஸ்டில் ஷமூன் என்ற தீநிரல் அராம்கோவின் 30,000க்கும் மேற்பட்ட அலுவலகக் கணினிகளை அழித்தது. எண்ணெய் உற்பத்தி வலை தனியாக இருந்ததால் அது நிற்கவில்லை. 2017இல் சவூதிப் பெட்ரோ வேதியியல் ஆலை ஒன்றில் டிரைட்டன் என்ற நிரல் ஆலையின் பாதுகாப்பு நிறுத்த அமைப்பையே குறிவைத்தது. இரண்டும் வானலை வழி வந்தவை அல்ல. ஆனால் ஒவ்வொரு கம்பியில்லாக் கருவியும் புதிய வாசல் என்பதை இரண்டும் சுட்டுகின்றன. அளவை மட்டும் சொல்லும் கருவி பொய் சொன்னால் ஒரு பிக்கப் வீணாகப் போய்த் திரும்பும். வால்வைத் திறக்கும் கருவி பொய்யை நம்பினால் நிலைமை அப்படியன்று. அதனால் பல ஆலைகளில் வானலையில் வருவது அளவு மட்டுமே. அடைப்பு வால்வுக்குப் போகும் கட்டளை இன்றும் செம்புக் கம்பியிலேயே போகிறது.