திண்ணை வரைக்கும் போதும்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் வழியாக. மலிவாகக் கிடைத்தது 'ஷெல்' கணக்கு. படம் கிடையாது, வெறும் எழுத்துதான். மோடம் கத்தி ஓய்ந்ததும் நாம் போய் நிற்பது ஒரு யுனிக்ஸ் கணினிக்குள். பைன் நிரலில் கடிதம் படிக்கலாம், லின்க்ஸில் வலைப்பக்கம் பார்க்கலாம். ஊரை விட்டு வந்த பலருக்கு முதல் மின்னஞ்சல் முகவரி இப்படித்தான் அமைந்தது.

கடிதம் வாங்க வந்தவருக்கு வீட்டுக்குள் ஏன் இடம்? அதுதான் யுனிக்ஸின் பழைய வழக்கம். 1969-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்தபோது அதைப் பயன்படுத்தியவர்கள் ஒருவரையொருவர் அறிந்த சிலர்தான். அஞ்சல் பெட்டி வேண்டுமா, கணக்கு வாங்கு. கணக்கு இருந்தால் கட்டளையும் தட்டலாம்.

இதன் ஆபத்து சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1979-ல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831 எளிதில் ஊகிக்கக்கூடியவையாம். வேடிக்கை என்னவென்றால், 1988 நவம்பர் 2-ல் இணையத்தையே திணறடித்த புழு நிரலை எழுதியவர் அதே மோரிஸின் மகன்! அது சென்ட்மெயில் அஞ்சல் நிரலின் ஓட்டை வழியாக நுழைந்தது. கடவுச்சொற்களையும் ஊகித்துப் பார்த்தது.

ஆக, கடவுச்சொல் ஒருநாள் திருடு போகும் என்று வைத்துக்கொண்டே வேலியைப் போட வேண்டும். யுனிக்ஸின் பயனர் கோப்பில் ஒவ்வொரு வரியிலும் ஏழாவது புலம்தான் ஷெல். அங்கே 'நோலாகின்' என்று எழுதிவிட்டால் அஞ்சல் வரும், போகும். கட்டளை தட்ட முடியாது. இன்னும் நல்லது, யுனிக்ஸ் கணக்கே இல்லாத மெய்நிகர் பயனர்கள். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இரண்டுமே இதற்கு இடம் தருகின்றன.

ஒன்று கவனியுங்கள். வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல்லை மட்டும் பூட்டினால் போதாது. அவருடைய எஸ்எஸ்எச் சாவி உள்ளே இருந்தால் கதவு இன்னும் திறக்கலாம். சாவியையும் எடுங்கள், நுழைய அனுமதி பெற்றவர் பட்டியலிலிருந்து பெயரையும் நீக்குங்கள்.

இதை அவநம்பிக்கை என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தபால்காரரைத் திண்ணையோடு நிறுத்துவது அவர்மேல் சந்தேகப்பட்டு அல்லவே! அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவன் அடுக்களை வரை வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பெட்டிக்குள் இருப்பது அம்மாவின் கடிதமும் பிள்ளையின் படமும் அல்லவா?